தலையில்லாத கரப்பான் எதை வைத்து மூச்சு விடுகிறது?

சத்துணவுக் கூடத்தின் கதவு இடுக்கில் சிக்கி ஒரு கரப்பான் பூச்சியின் தலை துண்டாகிவிட்டது. மதிய உணவுக்கு வரிசையில் நின்ற ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அதைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். தலை ஒரு பக்கம் கிடக்க, உடல் தட்டுத் தடுமாறி நகர்ந்துகொண்டிருந்தது. துடைப்பத்தோடு வந்த சமையலரை "அக்கா, கொஞ்சம் இருங்க" என்று நிறுத்திவிட்டு, ஒரு மாணவி அதைக் காலி ஜாமெட்ரி பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டார். மறுநாள் காலை வணக்கக் கூட்டம் முடிந்ததும் பெட்டி என் மேசைக்கு வந்தது. குச்சியால் தொட்டபோது கரப்பான் காலை உள்ளே இழுத்துக்கொண்டது.

"டீச்சர், தலையே இல்ல. இது எதை வச்சு மூச்சு விடுது?"

அதற்கு முந்தைய வாரம்தான் கரும்பலகையில் பூச்சி படம் வரைந்து, தலை, மார்பு, வயிறு என மூன்று பாகம், மூன்று இணைக் கால்கள், ஓரிணை உணர்கொம்புகள் என்று அம்புக்குறி போட்டு எழுதவைத்திருந்தேன். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை. "அது பாடத்துல இல்லம்மா" என்று சொல்லிவிட்டேன். மாலையில் சாயல்குடி பேருந்தில் அமர்ந்திருந்தபோது அந்தப் பதில்தான் உறுத்திக்கொண்டே வந்தது. பாகங்களின் பெயரை எழுதவைத்தோம். எந்தப் பாகம் எதற்கு, எது போனால் பூச்சி பிழைக்கும், எது போனால் பிழைக்காது என்று ஒருமுறையாவது கேட்டோமா? அதற்குப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும், வகுப்பில் செய்து பார்த்ததையும் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

முதலில் கேள்விக்கான பதில். கரப்பான் மூச்சு விடுவதற்கும் அதன் தலைக்கும் தொடர்பில்லை. அதன் உடலின் இரு பக்கவாட்டிலும் சிறு துளைகள் உள்ளன. மார்பில் இரண்டு இணை, வயிற்றில் எட்டு இணை, ஆகப் பத்து இணைத் துளைகள். இவையே சுவாசத் துளைகள். ஒவ்வொரு துளையிலிருந்தும் மூச்சுக்குழல்கள் புறப்பட்டு, கிளை கிளையாகப் பிரிந்து, திசுக்கள் வரை போகின்றன. நமக்கு நுரையீரல் வாங்கும் ஆக்சிஜனை இரத்தம் சுமந்து செல்ல வேண்டும். கரப்பானுக்கு அந்தச் சுமைகூலி வேலையே இல்லை. காற்று குழாய் வழியாக நேராகத் திசுவின் வாசலுக்கே வந்துவிடுகிறது. அதன் இரத்தத்தில் ஹீமோகுளோபின் இல்லை, நிறமும் சிவப்பில்லை.

அடுத்த ஐயம் இரத்தப்போக்கு. நமக்குக் கழுத்து அறுந்தால் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். நம் இரத்தம் குழாய்களுக்குள் அழுத்தத்தோடு ஓடுவதுதான் காரணம். கரப்பானுக்குத் திறந்த வகை இரத்த ஓட்டம். முதுகுப்புறம் நீண்ட குழல் போன்ற இதயம் உண்டு. அது தள்ளிவிடும் திரவம் உடற்குழியில் உறுப்புகளைச் சுற்றித் தேங்கி, மெதுவாகத் திரும்புகிறது. அழுத்தம் மிகக் குறைவு. கழுத்துக் காயம் உறைந்து அடைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

மூன்றாவதாக மூளை. மூளை தலையில்தான் இருக்கிறது. ஆனால் எல்லா அதிகாரமும் அங்கே குவிந்திருக்கவில்லை. வயிற்றுப்புறமாகச் செல்லும் நரம்பு வடத்தில், மார்பிலும் வயிற்றிலும் நரம்பு செல்திரள்கள் வரிசையாக உள்ளன. காலை இழுப்பது, அடி எடுத்து வைப்பது, சுவாசத் துளையைத் திறந்து மூடுவது போன்ற வேலைகளை அவையே பார்த்துக்கொள்கின்றன. அட்ரியன் ஹாரிட்ஜ் என்ற விலங்கியல் அறிஞர் 1962-இல் வெளியிட்ட ஆய்வு இதில் வியப்பானது. தலையில்லாத கரப்பானைத் தொங்கவிட்டு, அதன் கால் கீழே உள்ள உப்புநீரைத் தொடும்போதெல்லாம் சிறு மின்னதிர்ச்சி கிடைக்கும்படி அமைத்தார். சிறிது நேரத்தில் அந்தக் கால் நீரைத் தொடாமல் மேலேயே நிற்கக் கற்றுக்கொண்டது.

பிறகு ஏன் அது சாகிறது? வாயில்லை, தண்ணீர் குடிக்க வழியில்லை. குளிர் இரத்த உயிரி என்பதால் உணவுத் தேவை குறைவு, பட்டினியைப் பல நாள் தாங்கும். தாகத்தைத்தான் தாங்காது. உடல் நீர் வற்றியோ, காயத்தில் பூஞ்சை பிடித்தோ சில நாட்களில், சூழல் ஒத்துழைத்தால் சில வாரங்களில் இறக்கிறது. எங்கள் ஜாமெட்ரி பெட்டிக் கரப்பான் நான்காம் நாள் அசையவில்லை. நல்ல வெயில் காலம் அது.

படத்தில் இல்லாத பாகம்

அந்த 'வற்றுதல்' என்ற சொல்லை நான் விடவில்லை. நம் வட்டாரத்தில் வற்றுவதைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊருணி வற்றும், களத்தில் காயப்போட்ட முண்டு மிளகாய் வற்றும், துணி அரைமணியில் காயும். இந்த வெயிலில் எறும்பு மட்டும் எப்படிக் காயாமல் ஓடுகிறது? சிறிய உடலுக்கு, அதன் கன அளவோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு மிக அதிகம். ஒரு சொட்டு நீரைத் திண்ணையில் வைத்தால் எவ்வளவு விரைவாகக் காயும்! எறும்பு ஒரு சொட்டுக்கும் குறைவு.

அதைக் காப்பது தோலின் மேல் உள்ள ஒரு மெழுகுப் படலம். கைட்டின் கலந்த கடினமான புறச்சட்டகத்தைப் பற்றிப் பாடநூல் சொல்கிறது. ஆனால் கைட்டின் தனியாக நீரைத் தடுத்துவிடாது. அதற்கு மேலே, ஒரு மைக்ரோமீட்டரைவிடவும் மெல்லியதாகப் பரவியிருக்கும் மெழுகுதான் நீரைத் தடுக்கிறது. இங்கிலாந்தின் ராம்சே என்பவர் 1935-இல் கரப்பானை வைத்து இதை ஆராய்ந்தார். கரப்பானின் மேல் வைத்த நீர்த்துளி கூட விரைவில் ஆவியாகவில்லை. உடலின் மெழுகுப் பிசுக்கு அந்தத் துளியின் மேலும் பரவி மூடிக்கொண்டது. வெப்பம் சுமார் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டியபோதோ கரப்பானின் உடலிலிருந்து நீர் வெளியேறுவது சட்டென்று கூடியது. மெழுகின் ஒழுங்கு குலைந்துவிடுவதே காரணம். கரப்பான் பகலில் சாக்கடை மூடிக்கு அடியிலும் குளியலறை ஓரத்திலும் பதுங்குவதற்கு, இருட்டின் மேலுள்ள ஆசை மட்டும் காரணமில்லை என்று இப்போது பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

இதற்குப் பத்தாண்டு கழித்து, 1945-இல், விக்கிள்ஸ்வொர்த் என்ற பூச்சியியல் அறிஞர் அந்த மெழுகைச் சுரண்டிப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய, சொரசொரப்பான தூளில் பூச்சிகளை நடக்கவிட்டார். நடக்கும்போது உடல் தூளில் உராய்ந்து, மெழுகில் கீறல் விழுந்தது. தலை, கால், வயிறு எல்லாம் முழுமையாக இருந்தும் பூச்சிகள் நீரிழந்து செத்தன. இதே விக்கிள்ஸ்வொர்த் 1934-இல் வெளியிட்ட சோதனைகளில், தலையை நீக்கிக் கழுத்தை மெழுகால் அடைத்த ஒருவகைத் தென் அமெரிக்க மூட்டைப்பூச்சிகள் பல மாதங்கள் உயிரோடு இருந்தன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தலை போய்ப் பல மாதம். மெழுகு கீறினால் மிக விரைவில் சாவு. நாம் கரும்பலகையில் வரைந்த படத்தில் தலை பெரிதாக இருக்கிறது, மெழுகு இல்லவே இல்லை.

இதை வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர், "எங்க அப்பத்தா தட்டப்பயத்துல சாம்பல் போட்டுத்தான் டீச்சர் வைக்கும். அது இதுக்குத்தானா?" என்றார். விக்கிள்ஸ்வொர்த்தை ஐந்து நிமிடம் நான் விளக்கியதைவிட அந்த ஒரு கேள்வி வகுப்பை நிமிர்த்தி உட்காரவைத்தது. விதைப் பயறில் சாம்பல், துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைப்பது, இவை நம் வீடுகளில் காலங்காலமாக உள்ளவை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நூறு கிலோ விதைக்கு ஒரு கிலோ வீதம் பதப்படுத்திய களிமண் தூளைக் கலக்கச் சொல்வதும் இந்த வழிதான். நுண்ணிய தூள் வண்டின் மெழுகைக் கீறுகிறது, உறிஞ்சவும் செய்கிறது. பயறு மணிகளுக்கிடையே உள்ள இடைவெளியை நிரப்பி, வண்டு ஓடியாடி முட்டையிடுவதையும் தடுக்கிறது. செம்மண் பூச்சு பயறின் மேல் இன்னொரு ஓடு போல நின்றுவிடுகிறது.

பயறு வண்டுக்கு இது ஏன் இவ்வளவு கடுமையாகப் படுகிறது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வளர்ந்த பயறு வண்டு சேமிப்புக் கிடங்கில் எதையும் தின்பதில்லை, குடிப்பதில்லை. புழுவாகப் பயறுக்குள் இருந்தபோது தின்றதை வைத்தே மீதி நாட்களை ஓட்டிவிடும். வாய் அதற்குப் பெரிதாகத் தேவைப்படவில்லை. கைவசம் உள்ள நீரோ அவ்வளவுதான். இழந்தால் திரும்பப் பெற வழியில்லை.

மூச்சை அடைத்தால்

மெழுகுக்கு அடுத்தபடி சுவாசத் துளைகள். வெட்டுக்கிளியின் தலையை மட்டும் நீரில் அமிழ்த்தினால் மூச்சு முட்டாது, வயிற்றை அமிழ்த்தினால் முட்டும் என்று பழைய நூல்களில் ஒரு சோதனை வரும். அதைச் செய்துகாட்டத் தேவையில்லை. வெட்டுக்கிளியை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் விட்டு, வாயைக் கொசுவலைத் துணியால் கட்டி, நிழலில் வைத்துப் பார்த்தாலே போதும். அதன் வயிறு உப்பி அடங்குவது தெளிவாகத் தெரியும். அதுதான் அதன் மூச்சு. சும்மா இருக்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை, நாலைந்து தாவல் தாவிய பிறகு எத்தனை முறை என்று பிள்ளைகள் எண்ணட்டும். ஓடிவந்த பிறகு தங்கள் மூச்சையும் எண்ணட்டும். எண்ணி முடித்ததும் பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். வானவில் மன்றச் செயல்பாட்டு நேரத்துக்குப் பொருத்தமான வேலை இது, செலவு ஒன்றுமில்லை.

கொசுப்புழு இன்னும் வசதி. மழைக்காலத்தில் பள்ளியின் பின்புறம் ஏதாவதொரு உடைந்த வாளியில் கட்டாயம் கிடைக்கும். தண்ணீரில் வாழ்ந்தாலும் அது மேலே வந்துதான் காற்றை வாங்குகிறது. வால் பக்கம் உள்ள சிறு குழலின் நுனியை நீர்ப்பரப்பில் நீட்டி, தலைகீழாகத் தொங்கும். கண்ணாடியைத் தட்டினால் நெளிந்து அடியில் போகும், சற்று நேரத்தில் மேலே வந்தே தீரும். ஏடிஸ், கியூலெக்ஸ் கொசுப்புழுக்களுக்கு இந்தக் குழல் உண்டு. மலேரியா பரப்பும் அனாபிலிஸ் புழுவுக்குக் குழல் கிடையாது. அது நீர்ப்பரப்போடு ஒட்டிப் படுத்தாற்போல மிதக்கும். தொங்குகிறதா, படுத்திருக்கிறதா என்று பார்த்தே ஏழாம் வகுப்பு மாணவர் வேறுபாடு சொல்லிவிடலாம். ராமேஸ்வரம் தீவு நீண்ட காலம் மலேரியாவுக்குப் பேர்போன இடமாக இருந்த நம் மாவட்டத்தில் இது வெறும் பொது அறிவு இல்லை. தேங்கிய நீரில் எண்ணெய் விடச் சொல்வது ஏன் என்பதும் இங்கே விளங்கும். எண்ணெய்ப் படலம் நீர்ப்பரப்பை மூடி, புழுவின் மூச்சுக்குழலுக்குள்ளும் புகுந்துவிடுகிறது. பார்த்து முடித்த நீரைக் காய்ந்த மணலில் கொட்டிவிடுங்கள். அதை மட்டும் ஆசிரியர் தம் கையால் செய்வது நல்லது.

மிளகாய்ச் செடியில் அசுவினிக்குச் சோப்புக் கரைசல் தெளிப்பதும் இதே கதைதான். வெறும் தண்ணீர் பூச்சியின் மேல் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். சோப்பு கலந்த நீர் ஒட்டிப் பரவும். மெழுகையும் கெடுக்கும், துளைக்குள்ளும் நுழையும். மென்மையான உடல் கொண்ட பூச்சிகளிடம்தான் இது நன்றாகச் செல்லுபடியாகும்.

இறகும் காலும் யாருக்குத் தேவை?

சிறகு, கால், உணர்கொம்பு விஷயத்தில் ஒரே பதில் கிடையாது. வெட்டுக்கிளியின் பின்னங்காலைப் பல்லி கவ்வினால் அது காலைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தப்பிக்கும். கழலும் இடம் முன்கூட்டியே அமைந்தது; காயம் உடனே அடைபடும். இளம் கரப்பான் ஒரு காலை இழந்தால், அடுத்தடுத்துத் தோலுரிக்கும்போது புதுக்கால் வளர்ந்துவிடும். கடைசித் தோலுரிப்பு முடிந்துவிட்டால் அந்த வாய்ப்பும் முடிந்தது.

ஈசலைப் பாருங்கள். ஐப்பசி மழையில் விளக்கைச் சுற்றிப் பறந்துவிட்டு, தரையிறங்கியதும் இறகை உதிர்த்துவிடுகிறது. காலையில் வராந்தாவில் இறகுக் குவியலைக் கூட்டி அள்ளும் பிள்ளைகள், ஈசல் எல்லாம் செத்துவிட்டது என்றே நினைக்கிறார்கள். பெரும்பாலானவை பல்லிக்கும் கோழிக்கும் இரையாகின்றன என்பது உண்மைதான். தப்பித்த இணைக்கோ வாழ்க்கை இறகு உதிர்ந்த பிறகுதான் தொடங்குகிறது. புற்றுக்குள் ராணி பல ஆண்டுகள் வாழும். இனி பயன்படாத பறக்கும் தசைகளைக்கூட உடல் கரைத்துப் பயன்படுத்திக்கொள்ளும்.

மூக்கையூர், வாலிநோக்கம் பக்கத்துப் பிள்ளைகள் இருந்தால் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: கடலில் பூச்சி உண்டா? உண்டு. ஹாலோபேட்டிஸ் என்ற கடல் நீர்த்தாண்டி, இந்தியப் பெருங்கடலின் நடுப்பரப்பிலும் அலைமேல் ஓடி வாழ்கிறது. அதற்குப் பிறந்தது முதல் சாகும்வரை இறகே கிடையாது. உடலில் அடர்ந்த நுண்மயிர்கள் நீரை ஒட்டவிடாமல் வைத்திருக்கின்றன. அங்கே அதுதான் உயிர்.

தட்டான் கதை வேறு. அது பறந்தபடியே இரை பிடிக்கும் உயிரி. கால்கள் பற்றிக்கொள்ளவும் உட்காரவும்தான், நடக்க உதவாது. இறகு போனால் அது பட்டினிதான். இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நம் பள்ளிகளில் இன்றும் இடைவேளையில் தட்டான் பிடித்து, 'வாலில்' நூல் கட்டிப் பறக்கவிடுகிறார்கள். நானும் சிறுவயதில் செய்திருக்கிறேன். வால் என்று நினைத்துக் கட்டும் அந்த நீண்ட பகுதிதான் அதன் வயிறு. குடலும், இதயக் குழலின் பெரும்பகுதியும், எட்டு இணைச் சுவாசத் துளைகளும் அதில்தான் உள்ளன. பூச்சிகளுக்கு வலி உண்டா என்று அறிவியலாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. "பாவம், விட்டுடு" என்று நான் பலமுறை சொல்லியும் நிற்காத விளையாட்டு, நூல் கட்டும் இடத்தில் என்னென்ன இருக்கிறது என்று வரைந்து காட்டிய பிறகு எங்கள் வகுப்பில் வெகுவாகக் குறைந்தது. முற்றிலும் நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன்.

எதையும் பிடிக்காமல், வெட்டாமல் காட்டக்கூடியது ஒன்று எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது. பழைய பனஞ்சட்டத்திலோ வேலிக்காலிலோ ஏறியிருக்கும் கறையான் செல். கறையானின் தோல் மெல்லியது, வெயில் பட்டால் விரைவில் உலர்ந்துவிடும். தோல் செய்யாத வேலையை அது மண்ணால் செய்துகொள்கிறது. அந்த மண்குழாய்க்குள் ஈரம் தங்கும். செல்லில் ஒரு விரல்கடை அளவு மட்டும் பெயர்த்துவிட்டு, பிள்ளைகளைக் கடிகாரத்தோடு உட்காரவையுங்கள். வேலைக்காரக் கறையான்கள் மண்ணையும் உமிழ்நீரையும் குழைத்து ஓட்டையை அடைக்கத் தொடங்கும். காலையில் ஒன்று, உச்சிவெயிலில் ஒன்று எனப் பெயர்த்துப் பார்த்து, அடைபட எவ்வளவு நேரம் ஆகிறது என்று எங்கள் பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதிவருகிறார்கள்.

சாம்பல் பரிசோதனையையும் செய்தோம். அப்பத்தா வீட்டுத் தட்டைப்பயறையே அந்த மாணவர் கொண்டுவந்தார். இரண்டு பாட்டில், ஒன்றில் சலித்த அடுப்புச் சாம்பல் கலந்தது, மற்றொன்றில் வெறும் பயறு. ஒவ்வொன்றிலும் பத்து வண்டுகள். இரு மாதம் கழித்துக் கொட்டிப் பார்த்தபோது வெறும் பயறு மாவாகியிருந்தது. சாம்பல் பாட்டிலில் பயறு முழுசாக இருந்தது, ஆனால் ஏழு மணிகளில் மட்டும் வட்டமாக ஓட்டை. "சாம்பல் போட்டும் இது எப்படி டீச்சர்?" என்று கேட்டார்கள். இந்தமுறை பாடத்தில் இல்லை என்று சொல்லவில்லை. ஓட்டை விழுந்த மணியைப் பிளந்து பார்க்கச் சொன்னேன். வயலிலேயே முட்டை ஒட்டிவந்த பயறு அது. புழு உள்ளே இருந்தவரை சாம்பல் அதைத் தொடவே இல்லை.